தலைப்புக்கு விட்ட இடம்

படத்தில் ஒரு மனிதர் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே புல், பின்னால் குளம், மேலே துடைத்துவிட்டதுபோல வானம். புல்லுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு வெறும் காற்று. யாரோ ஒரு மாணவன் அரைகுறையாக வெட்டி ஒட்டிய படம் என்றே சாருமதி நினைத்தாள்.

"உட்கார்ந்திருக்கறவருக்குக் கீழ ஒரு பெஞ்சாவது போட்டிருக்கலாம்ங்க," என்றாள்.

"பெஞ்சு இல்லீங் கண்ணு. எம்பட ஊட்டு வாசப்படி. அதுல உக்காந்துதான் எடுத்தது."

கைபேசியை மேசைமேல் வைத்தவரும் படத்தில் இருந்தவரும் ஒரே ஆள் என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் ஒரு சின்ன உளி.

"வெள்ளியங்கிரிங்க. குளத்து மேட்டுல குடியிருக்கறனுங்க. கிரைண்டருக்குக் கல்லு கொத்தற வேல. நாலு மாசமா எந்தப் போன்ல எடுத்தாலும் எம்பட ஊடு படத்துல உழுக மாட்டேங்குது. சம்யுக்தான்னு ஒரு புள்ள எங்க மேட்டுல வந்து படிச்சுது. அதுகிட்டக் கேட்டதுக்கு உங்க கடைப் பேரச் சொல்லுச்சு."

கட்டடக்கலைக் கல்லூரிக்கு எதிரில் இருந்தது அந்தக் கடை. ஏப்ரல், மே மாதங்களில் இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் ஐந்து வருடப் படிப்பையும் ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதை முப்பது பக்கப் படைப்புத் தொகுப்பாக்கிக் கொடுப்பது சாருமதியின் வேலை. சாய்ந்த சுவர்களை நிமிர்த்துவாள். வெளிறிய வானத்தை மாற்றுவாள். மின்கம்பி, குப்பைத்தொட்டி, படுத்திருக்கும் நாய், எல்லாவற்றையும் எடுத்துவிடுவாள். இயற்பியல் படித்தவள். பேச வேண்டிய தேவை குறைவு என்பதால் இந்த வேலைக்கு வந்தவள், அப்படியே ஆறு வருடம் ஓட்டிவிட்டாள்.

"ஊர்க் குப்பையப் பூராம் நாமதான் கூட்டறோம். ஆனா நம்மள எவனும் நெரந்தரம் பண்ண மாட்டேங்கறான்," என்பார் கடைக்காரர் சிவசாமி.

சாருமதி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த புல் அது. ஒரு கொத்தில் மூன்று இதழ்கள் ஒரே பக்கம் வளைந்திருந்தன. அதே கொத்து சற்றுத் தள்ளி இன்னொரு முறை இருந்தது, அதற்கப்பால் மூன்றாம் முறையும். அவசரத்தில் ஓரிடத்துப் புல்லை எடுத்து மற்ற இடங்களில் தேய்த்திருந்தார்கள். தேய்த்தவள் அவள்தான். சம்யுக்தாவின் தொகுப்பு, பதினான்காம் பக்கமும் பதினைந்தாம் பக்கமும் சேர்ந்த விரிப்பு.

"இதெப்படீங் கண்ணு? ஊடு ஊட்டு எடத்துலதான இருக்குது?"

"அண்ணா, இப்ப இருக்கற காமிரா எதுவும் முழுசாப் படம் எடுக்கறதில்லீங்க. நீங்க எங்க நிக்கறீங்கன்னுதான் மொதல்ல பார்க்கும். இடப்பதிவுன்னு ஒண்ணு இருக்குதுங்க, ஒவ்வொரு இடத்தோட படமும் ஏற்கெனவே அதுல இருக்கும். அசையாததையெல்லாம் அங்கிருந்து எடுத்துக்கும். அசையறத மட்டும்தான் புதுசாப் பிடிக்கும்."

"நானு அசையறன்."

"ஆமாங்க."

"செவுரு அசையாது."

"ஆமாங்க."

அவர் யோசித்தார். "அப்ப ஊடு சித்த ஆடுனாத் தேவுலையாட்ட இருக்குது."

பின்னாலிருந்து சிவசாமி சிரித்துவிட்டு, வந்தவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"செரி, பதிவுல எம்பட ஊடு இல்லாமப் போனது எப்படி?"

இதற்கு நூறு விதமாகப் பதில் சொல்லியிருக்கலாம். தொகுப்புக்குப் பரிசு கிடைத்தது, கல்லூரி தன் முத்திரையோடு அதை வெளியிட்டது, ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள், அந்த இடத்துக்கு இருந்த படங்களிலேயே தெளிவானது அதுதான் என்று இடப்பதிவு எடுத்துக்கொண்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் சாருமதிக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"நான்தாங்க அழிச்சேன்," என்றாள்.

வெள்ளியங்கிரி அவள் முகத்தையே பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"ஏங் கண்ணு? பாக்க அசிங்கமா இருந்துச்சா?"

"இல்லீங்க. தலைப்பு எழுத இடம் வேணும்னு."

"என்ன தலைப்பு?"

"'கரையில் வாழ்பவர்கள்'னு."

அவர் தலையாட்டினார். அது நல்ல தலைப்பு என்று அவருக்குத் தோன்றியதுபோல இருந்தது.

குளத்து மேட்டில் நாற்பத்தொரு வீடுகள். குளத்தைச் சீரமைப்பதற்காக எல்லோரையும் நகரின் கிழக்கே அடுக்குமாடிக்கு மாற்றப்போகிறார்கள். கணக்கெடுப்புப் படத்தில் வீடு தெரிந்தால் மாற்று வீடு உண்டு, தெரியாவிட்டால் இல்லை. நாற்பது வீடுகள் பட்டியலில் ஏறிவிட்டன. பட்டியலை மூட இன்னும் இருபத்திரண்டு நாட்கள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சாருமதி மேட்டுக்குப் போனாள். பச்சை டிஸ்டெம்பர் அடித்த இரண்டறை வீடு. ஏழு நிமிடத்தில் அழித்த வீடு அது. அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள் என்பதுகூட நினைவில் இருந்தது.

வாசலில் வெள்ளியங்கிரியின் மனைவி சரசு. "நீதானா அம்மிணி அது? உள்ள வா. உள்ளதான் இருக்குது ஊடு, பயந்துக்காத."

கணக்கெடுப்பு அலுவலர் குணாளன் பத்து மணிக்கு வந்தார். கெட்ட மனிதரில்லை. ஐந்தாவது முறையாக வந்திருந்தார். கையிலிருந்த பலகைக் கணினியை வீட்டுக்கு நேராகப் பிடித்தார். திரையில் புல், குளம், நடுவில் சரசு மட்டும் கையில் சொம்போடு.

"சார், உங்க கண்ணுக்குத் தெரியுதில்லீங்க?" சாருமதி கேட்டாள்.

"தெரியுதும்மா. போன தடவ இந்தத் திண்டுலதான் முட்டிய இடிச்சுக்கிட்டேன். ஆனா என் கண்ண அப்லோடு பண்ண முடியாதில்ல?"

"எழுத்துல எழுதிக் கொடுத்தா?"

"முன்னாடி எழுத்தைத்தான் நம்புனாங்க. நாங்க என்ன பண்ணோம்? இல்லாத ஊட்டுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தோம். நான் இல்ல, எனக்கு முன்னாடி இருந்தவங்க. அதனாலதான் இனிமே ஆள் வாக்கு செல்லாதுன்னுட்டாங்க."

சாருமதி பையிலிருந்து அப்பாவின் பழைய காமிராவை எடுத்தாள். அது பதிவைக் கேட்காமல் படம் பிடிக்கும். பிடித்தது. பின்பக்கத்து மங்கல் திரையில் பச்சை வீடு தெரிந்தது. சரசு அதைப் பார்த்து, "அய்யோ, எம்பட ஊடு!" என்றாள், வெளியூருக்குப் போன பிள்ளையைப் பார்த்ததுபோல.

குணாளன் மறுத்துத் தலையை ஆட்டினார். "இதுல முத்திரை இல்லம்மா. பதிவோட ஒத்துப் போகாத படம். ஒட்டு வேலைன்னு தள்ளிருவாங்க."

"நான் பண்ணினதுதாங்க ஒட்டு வேலை. இது நெசம்."

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியாது." அவர் கணினியில் எதையோ தடவிப் பார்த்தார். "பதிவத் திருத்தணும்னா இங்க சனங்க எடுக்கற சாட்சிப் படங்க மாறி இருக்கோணும். இந்த எடத்துக்கு இதுவரைக்கும் ஆயிரத்து இருநூறு படம் வந்திருக்குது. எல்லாத்துலயும் புல்லுதான். அதுல எண்ணூறு..." நிறுத்தினார். "அண்ணா, உங்க நம்பர் கடைசில நாலு நாலு ஏழா?"

"ஆமாங்க. தெனமும் ஆறேழு எடுத்து அனுப்பிச்சனுங்க. ஒரு நாளாச்சும் உழுகாதான்னு."

எண்ணூறு முறை அவர் தன் வீட்டின் முன்னால் நின்று, இங்கே வீடு இல்லை என்று சாட்சி சொல்லியிருந்தார்.

சம்யுக்தாவை சாருமதி அன்று மாலையே அழைத்தாள். அவள் மேற்படிப்புக்கு வெளிநாடு போயிருந்தாள், அங்கே மதியம்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. சரசம்மா கையில மூணு மாசம் டீ குடிச்சிருக்கேன். என் தீசிஸே அவங்களப் பத்திதான்."

"நீதானம்மா இடது பக்கம் காலியா வேணும்னே."

"காலியா இருந்தா நல்லாருக்கும்னுதான் சொன்னேன். காலி பண்ணச் சொல்லலையே."

சம்யுக்தா நல்ல பெண். மறுநாளே கல்லூரிக்கு எழுதினாள். படத்தைத் திரும்பப் பெற்றாள், பரிசையும் திருப்பிக் கொடுத்தாள். கல்லூரித் தளத்திலிருந்து பதினான்காம் பக்கம் போய்விட்டது. மேட்டில் எதுவும் மாறவில்லை. இடப்பதிவுக்கு அந்தப் படம் இனி தேவைப்படவில்லை, அதைச் சொல்ல ஆயிரத்து இருநூறு சாட்சிகள் இருந்தன.

பட்டியல் மூடப் பதினோரு நாட்கள் இருந்தபோது சிவசாமிதான் வழி சொன்னார். பெரிய வரைபடங்களை அச்சிடும் பிளாட்டர் இயந்திரத்தில் தாள் மாற்றிக்கொண்டே சொன்னார்.

"கட்டாத பில்டிங்கையெல்லாம் பதிவுல ஏத்தறானுக. கட்டுன ஊட்ட ஏத்த வழியில்லியாக்கும்?"

உண்மைதான். பதிவுபெற்ற கட்டடக்கலைஞர் ஒருவர் வரப்போகும் கட்டடத்தின் படத்தைக் கொடுத்தால் இடப்பதிவு ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு அங்கே காமிரா சுவரைத் தேடும், கண்டால் காட்டும் என்று சாருமதி நம்பினாள். சம்யுக்தாவுக்குப் பதிவெண் இருந்தது. உடனே சம்மதித்தாள். ஏற்கெனவே இருக்கும் வீட்டை இனி வரப்போகும் வீடு என்று கொடுப்பது பொய் இல்லையா என்று மட்டும் கேட்டாள். "ரெண்டுல எது பொய்யின்னு எனக்கே கொழம்பிருச்சு," என்றாள் சாருமதி.

அவள் டேப் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். வெள்ளியங்கிரி ஒரு முனையைப் பிடித்தார். சுவரை அளந்தாள், ஜன்னலை அளந்தாள், அதில் ஒரு கம்பி இல்லாத இடைவெளியையும் அளந்தாள். குழாய்க்குக் கீழே இருந்த பாசிக் கறையை மட்டும் பதினோரு முறை படமெடுத்தாள், பழைய காமிராவில்.

சரசுவுக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கறைய எதுக்கு அம்மிணி எடுத்துட்டு? பொம்மையில வரையறதுதான, நல்லதா ஒரு பெயிண்டு அடிச்சுப் போடு."

"இருக்கற மாதிரியே வரணுங்கக்கா."

"ஒரு மாடியாச்சும் எடு. உனக்கென்ன, செங்கல்லா சொமக்கப் போற?"

"சும்மா இரு புள்ள," என்றார் வெள்ளியங்கிரி. ஆனால் அவரும் மேலே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

ஐந்து நாட்கள் அந்த ஒரு படத்தில் உட்கார்ந்தாள். ஆறு வருடமாக எதையெல்லாம் அழித்துவந்தாளோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக வரைந்தாள். கூரையின் சிமெண்டு சீட்டில் தார் வைத்து அடைத்த விரிசல். சுவரில் குழந்தைகள் எப்போதோ கீறிய கோடு. மேலே போகும் மின்கம்பி. எப்போதும்போல வெயிலைக் கிழக்கிலிருந்து வைத்தாள். காலை வெயிலில்தான் எந்தக் கட்டடமும் நன்றாக இருக்கும் என்பது கடையின் வழக்கம். நிழல் படியிலிருந்து மேற்காக விழுந்தது.

சம்யுக்தா கையெழுத்திட்டு அனுப்பினாள். மூன்றாம் நாள் காலை வெள்ளியங்கிரி அழைத்தார். பின்னால் பத்துப் பேரின் கூச்சல்.

"உழுந்துருச்சுங் கண்ணு! ஊடு உழுந்துருச்சு!"

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பிறகுதான் படத்தைச் சொல்கிறார் என்று புரிந்தது. அன்று மதியம் கடைக்கு ஒரு தூக்குப்போசி நிறைய அரிசிம்பருப்புச் சோறு வந்தது. சிவசாமி இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

பட்டியல் மூடும் நாளில் வந்தது அறிவிப்பு. மாற்று வீட்டுக்கான ஆணை அல்ல. குணாளன் அதை நேரிலேயே கடைக்கு எடுத்துவந்தார், மேட்டுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை.

"புதுக் கட்டடம்னு வந்திருக்குதும்மா. நீர்நிலைப் பொறம்போக்குல, அறிவிப்பு குடுத்ததுக்கு அப்புறம் கட்டினது. பதினஞ்சு நாள்ல எடுக்கோணும்."

"அது முப்பது வருஷத்து வீடுங்க சார். உங்க முட்டிய இடிச்சுக்கிட்டீங்களே."

"போன வாரம் வரைக்கும் அங்க புல்லுன்னு பதிவு சொல்லுது. வரப்போற கட்டடம்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறீங்க. அதுக்கப்புறம் கட்டடம் வந்திருக்குது. நான் என்ன சொல்ல?"

சாருமதி அறிவிப்பை இரண்டு முறை படித்தாள்.

"நாங்க ஒண்ணுமே பண்ணாம விட்டிருந்தா?"

குணாளன் கதவைப் பார்த்தார். "மாத்து ஊடு கெடச்சிருக்காது. ஆனா இடிக்கச் சொல்லி ஆர்டரும் வந்திருக்காது. பதிவுல இல்லாதத எப்படிம்மா இடிக்கறது? அவங்க பாட்டுக்குக் கடைசி வரைக்கும் அதுலயே இருந்திருக்கலாம்."

இதை வெள்ளியங்கிரியிடம் சொல்லவேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். குணாளன் சொல்லவில்லை. அவளே சொன்னாள், மறுநாள், வாசற்படியில் உட்கார்ந்து. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ நல்லதுக்குத்தான பண்ணுன," என்றார். அதைவிடக் கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

நாற்பது குடும்பங்களும் வேன்களில் சாமான் ஏற்றிக்கொண்டு கிழக்கே போன அதே வாரம் இயந்திரம் வந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சரசு குழாயை மட்டும் முன்னமே கழற்றி வைத்திருந்தாள். வெள்ளியங்கிரியும் அவளும் கிரைண்டர் பட்டறையின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகைக்குக் குடிபோனார்கள். அங்கே நிற்கலாம், படுக்கலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நடக்க முடியாது.

வீடில்லாதவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு ஒன்று இருந்தது. விண்ணப்பத்தைச் சாருமதிதான் நிரப்பினாள். ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று முறை சரிபார்த்தாள். எழுபது நாட்கள் கழித்துப் பதில் வந்தது. வெள்ளியங்கிரி உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

"நீயே படி கண்ணு."

'விண்ணப்பதாரருக்குச் சொந்த வீடு உள்ளது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' ஆதாரமாக ஒரு படத்தை இணைத்திருந்தார்கள். குளக்கரைச் சாலையில் போன பேருந்தின் காமிரா போன வாரம் மாலை நாலரை மணிக்கு எடுத்தது, முத்திரையோடு. பச்சைச் சுவர், தார் அடைத்த விரிசல், ஒரு கம்பி குறைந்த ஜன்னல், குழாய்க்குக் கீழே பாசிக் கறை. மாலை நாலரை மணிக்கு நிழல் மேற்கே விழுந்திருந்தது. அது வீடே அல்ல. காமிரா எந்த நாளிலும் அந்த வீட்டைப் பார்த்திருக்கவில்லை. இடிப்பதற்கு முன்பும் சரி, இப்போதும் சரி, அது பார்த்ததெல்லாம் அவள் வரைந்த படத்தை. சுவர் அசையாது. இடிந்த பிறகும் அசையவில்லை.

வெள்ளியங்கிரி மேசையைச் சுற்றி வந்து படத்தைக் குனிந்து பார்த்தார்.

"அப்படியே இருக்குது," என்றார். பிறகு, "இருக்கற வரைக்கும் நமக்கு ஊடு குடுக்க மாட்டாங்களாக்கும்."

"ஆமாங்க."

"அப்ப இத மறுக்கா அழிச்சுப்போடு கண்ணு."

அழித்தாலும் அது தன் திரையில்தான் அழியும், இடப்பதிவில் அழியாது என்பது அவளுக்குத் தெரியும். இடிப்பதற்கான திட்டம் என்று புதிதாகக் கொடுக்கவேண்டும், சாட்சிப் படங்கள் மாறவேண்டும், எந்தக் காமிராவும் மாற்றிச் சொல்லப்போவதில்லை. சொல்ல வாயெடுத்தாள். அவர் ஏற்கெனவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் கோப்பைத் திறந்தாள். வீடு திரை நிறைய வந்தது. மவுஸைப் பிடித்தவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"என்னால முடியலீங்கண்ணா."

"செரி, எங்கிட்டக் குடு. எப்படீன்னு மட்டும் சொல்லு."

"இந்தப் பட்டன அழுத்திக்கிட்டுப் புல்லு மேல ஒரு தடவ தொடுங்க. அப்புறம் எங்க தேய்க்கறீங்களோ அங்கெல்லாம் புல்லு வரும்."

கல் கொத்திக் காய்த்த விரல்களுக்குள் மவுஸ் காணாமல் போனது. அம்புக்குறி புல்லுக்குப் போய், சுவரடிக்கு வந்து, நின்றது.

"கீழ இருந்து வேண்டாங் கண்ணு," என்றார். "மொதல்ல சீட்டக் கழட்டோணும். இல்லீன்னா செவுரு போறப்ப மேல உழுந்துரும்."

"அப்ப புல்லு வேண்டாங்க. வானத்தத் தொட்டுக்குங்க."

அவர் வானத்தைத் தொட்டார். ஆணி இருந்த இடம் எது என்று கூரையின் ஓரத்தில் கொஞ்சம் தேடிவிட்டு, அங்கிருந்து ஆரம்பித்தார்.